மயக்கம் யாருக்குத் தகும்?

'பல்லுப் போனால் சொல்லுப் போச்சு' என்பது நம் நாட்டுப் பழமொழி. எனக்கோ, பல் போவதற்கு முன்பே சொல் போய்விட்டது. சென்ற குளிர்காலத்தில், காசியின் கடைத்தெரு ஒன்றில், பல் மருத்துவர் ஒருவரின் நாற்காலியில் சாய்ந்திருந்தபோது அது நிகழ்ந்தது.

என் வயதினர் பலருக்கு வருவதுதான் எனக்கும் வந்தது. கீழ்த்தாடையின் இடப்புறத்து ஞானப்பல், நேரே முளைக்க இடமின்றிச் சாய்ந்து, அடுத்த பல்லை முட்டிக்கொண்டு நின்றது. ஈறு வீங்கிற்று, வாயைத் திறப்பதே வேதனையாயிற்று. மூன்று இரவுகளை விடுதி அறையில் உலாவியே கழித்தபின், நண்பர் ஒருவர் சொன்ன இடத்திற்குப் போனேன். வாயிலில் ஒரு பலகை தொங்கியது. வலியே இல்லை, உறங்கி எழுந்தால் பல் போயிருக்கும் என்று அது உறுதி கூறியது. உள்ளே இருந்த உதவியாளர் கட்டணத்தைச் சொன்னார். ஊசி போட்டு எடுக்க ஒரு தொகை. மயக்கம் கொடுத்து எடுக்க அதைப்போல் இரண்டு பங்கு. ஊசியை நினைத்தாலே எனக்கு உள்ளங்கை வியர்க்கும். வீட்டிலிருந்து வந்த பணத்தையும் அந்த மாதத்து உணவுச் செலவையும் மனத்துக்குள் கணக்கிட்டுப் பார்த்துவிட்டு, "மயக்கமே கொடுங்கள்" என்றேன்.

என்னைப் பற்றிய ஆராய்ச்சி அத்துடன் முடிந்தது. இந்தியில் அச்சிட்ட படிவம் ஒன்றை நீட்டினார்கள். முழுதும் படியாமலே கையெழுத்திட்டேன். அப்போதுதான் மூத்த மருத்துவர் உள்ளே வந்தார்.

"எப்போது சாப்பிட்டாய், பேட்டா?"

"அரைமணி நேரம் ஆயிற்று. பாலில் ஊறிய ஜிலேபி."

"மூக்கடைப்பாகப் பேசுகிறாயே?"

"நான்கு நாளாகச் சளி. அதற்கு ஒரு மாத்திரை சாப்பிடுகிறேன். சாப்பிட்டால் நன்றாகத் தூக்கம் வருகிறது."

"கூட யார் வந்திருக்கிறார்கள்?"

"யாரும் இல்லை."

அவர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. உதவியாளரைத்தான் கடிந்துகொண்டார். பிறகு, வீக்கத்திற்கு மருந்து எழுதிக் கொடுத்து, சளி நீங்கியபின் ஒரு துணையோடு வா என்று அனுப்பிவிட்டார். நான் சொல்லிழந்து நின்றது அப்போதுதான். பணம் கொடுக்க ஆயத்தமாக இருப்பவனுக்கு ஏன் மறுக்கவேண்டும் என்று விடுதிக்குத் திரும்பும் வழியெல்லாம் பொருமினேன்.

பொருமல் தணிய நூலகம் உதவிற்று. மருத்துவம் பயிலும் நண்பர்களும் உதவினர். இன்று என் கருத்து இது: பல் மருத்துவத்தில் மயக்கம் பெறும் தகுதியைப் பணமும் தீர்மானிக்கக் கூடாது, வீரமும் தீர்மானிக்கக் கூடாது. கேள்விகளே தீர்மானிக்க வேண்டும். அந்தக் கேள்விகளுள் கடைசியாகக் கேட்கப்படுவதும், நம்மைப் போல் ஊர்விட்டு ஊர் வந்தோரை மிகுதியாகச் சுடுவதும், "உன்னோடு யார் வந்திருக்கிறார்கள்?" என்பதே.

வள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார். நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுபவர் என்பன அவை. முதல் மூன்றை எவரும் சொல்லிவிடலாம். நான்காவதையும் அவர் மறவாமல் சேர்த்துச் சொன்னார். என் வாதத்தையும் அந்த வழியிலேயே நடத்திச் செல்கிறேன்.

மயக்கம் ஒன்றன்று

'மயக்கம்' என்ற ஒரே சொல்லால் நாம் நான்கு நிலைகளைக் குறிக்கிறோம். முதல் நிலையில் மனம் அமைதியடையும், ஆள் விழித்திருப்பான். இரண்டாம் நிலையில் கண் சொக்கும். ஆனால் பெயர் சொல்லி அழைத்தால் விடை தருவான், வாயைத் திற என்றால் திறப்பான். மூன்றாம் நிலையில் பலமுறை தட்டினாலன்றி அசையமாட்டான். மூச்சுக்கே பிறர் உதவி தேவைப்படலாம். நான்காவது, அறுவைக் கூடத்தில் கொடுக்கும் முழுமயக்கம். முதல் இரண்டையும் சேர்த்து இக்கட்டுரையில் அரைமயக்கம் என்கிறேன். பல் மருத்துவரின் அறையில் பெரும்பாலும் பேசப்படுவது அதுவே.

இந்த நான்கிற்கும் இடையே சுவர் இல்லை. ஒரு சரிவுதான் இருக்கிறது. ஒருவனை இரண்டாம் நிலையில் நிறுத்தும் அளவு மருந்து, மற்றொருவனை மூன்றாம் நிலைக்குச் சரித்துவிடும். கையிலோ காலிலோ செய்யும் சிகிச்சையாக இருந்தாலும் இது கவலைக்குரியதே. வாயில் என்றால் கவலை இரு மடங்கு. மருத்துவர் வேலை செய்யும் இடமும் நோயாளி மூச்சுவிடும் வழியும் அங்கே ஒன்றாகிவிடுகின்றன. தண்ணீர், குருதி, உடைந்த பல்துண்டு எல்லாம் தொண்டையை நோக்கியே செல்லும். விழிப்புள்ளவன் இருமிக் காத்துக்கொள்வான். ஆழ்ந்துவிட்டவனுக்கு அந்தக் காவல் தளர்ந்துவிடும். வயிற்றில் உணவு இருந்து அது மேலே எழுந்தால் மூச்சுக்குழலுக்குள் போய்விடும். என் பாலும் ஜிலேபியும் குற்றவாளிக் கூண்டில் ஏறியது இதனால்தான். ஆழ்ந்த மயக்கத்திற்கு முன் எளிய உணவானால் ஆறு மணி நேரம், தண்ணீரானால் இரண்டு மணி நேரம் விட்டிருக்கவேண்டும் என்பது பொதுவிதி.

இன்னொரு தவறான எண்ணத்தையும் இங்கேயே களைந்துவிடுவோம். அரைமயக்கம் வலியை அடியோடு நீக்குவதன்று. முதன்மையாக அச்சத்தைத் தணிப்பது. வலியை நீக்க, ஈற்றில் போடும் மரத்துப்போகும் ஊசி அப்போதும் வேண்டும். அந்த ஊசிக்குரிய லிக்னோகெயின் என்னும் மருந்தை ஸ்வீடன் நாட்டு வேதியியலார் நீல்ஸ் லோஃப்கிரென் 1943இல் உருவாக்கினார். இன்றும் பல் மருத்துவரின் உற்ற தோழன் அதுவே. ஊசி போடுவதே தெரியாமல் போகும் என்று நினைத்துத்தான் நான் இரு மடங்கு கட்டணத்திற்குத் துணிந்தேன். மயக்கம் ஊசியை நீக்குவதில்லை. ஊசியைப் பொறுக்கும் மனத்தைத் தருகிறது.

ஒரே மருந்து எல்லாருக்கும் ஒன்றுபோல் வேலை செய்யாது என்பதைப் பல் மருத்துவத்தின் வரலாறே கூறும். அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் 1844 டிசம்பர் 10ஆம் நாள், சிரிப்பூட்டும் வாயுவை மக்கள் முகர்ந்து களிக்கும் காட்சி ஒன்று நடந்தது. அதை முகர்ந்த ஒருவர் காலில் அடிபட்டும் வலியை உணராததை ஹோரஸ் வெல்ஸ் என்னும் பல் மருத்துவர் கவனித்தார். மறுநாளே அந்த வாயுவைத் தாமே முகர்ந்து, தம் பல்லையே பிடுங்கச் செய்தார். ஆனால் 1845 ஜனவரியில் பாஸ்டன் நகரில் பலர் முன்னிலையில் அவர் செய்துகாட்டியபோது நோயாளி கூவிவிட்டார். அவையோர் ஏமாற்று என்று எள்ளினர். மனமுடைந்த வெல்ஸ் 1848இல் சிறையில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் கண்டது பொய்யன்று. ஆளுக்கு ஆள் அளவு வேறுபடும் என்பதை உலகம் அப்போது அறியவில்லை.

நாம் வாழும் இந்தக் காசியின் பெயரோடு இணைத்துப் பேசப்படுபவர் சுசுருதர். அவர் பெயரால் வழங்கும் நூல், அறுவைக்கு முன் நோயாளிக்கு உணவும், குடிப்பழக்கம் உள்ளவனுக்கு மதுவும் தரச் சொல்கிறது. அதே நூல் சில நோய்களுக்கு மட்டும் உணவு உண்ணாதவனுக்கே அறுவை செய்யவேண்டும் என்று விலக்கும் சொல்கிறது. அந்த விலக்கில் வாய்நோயும் ஒன்று. ஆளையும் இடத்தையும் பார்த்து விதியை மாற்றும் அறிவு புதியதன்று.

வேண்டுவோர் யார்?

மயக்கம் உண்மையில் யாருக்குத் தேவை? முதற்கண், பெரும் அச்சம் உடையவர்களுக்கு. இந்த அச்சத்தை அளக்கவே ஓர் அளவுகோல் உண்டு. நார்மன் கோரா என்பவர் 1969இல் நான்கு கேள்விகளால் ஆக்கினார். பின்னர் ஐந்தாவதும் சேர்ந்தது. நாளைக்குப் பல் மருத்துவரிடம் போகவேண்டும் என்றால் உன் மனம் எப்படி இருக்கும்? காத்திருக்கும் அறையில் எப்படி? பல்லைக் குடையும்போது? சுத்தம் செய்யும்போது? ஈற்றில் ஊசி போடும்போது? ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். மொத்தம் 19 அல்லது அதற்கு மேல் வந்தால் அது சாதாரண அச்சம் அன்று. ஆண்டுக்கணக்கில் வலியைப் பொறுத்துக்கொண்டு, பல் மருத்துவரின் தெருவையே சுற்றிக்கொண்டு போகும் அச்சம். அவர்களைக் கோழை என்பது அறிவீனம்.

அடுத்து, உடலே ஒத்துழைக்காதவர்கள் இருக்கின்றனர். கண்ணாடி நாவில் பட்டவுடன் குமட்டுபவர்கள். நடுக்குவாதத்தால் தலை ஓயாமல் ஆடுபவர்கள். தம் விருப்பமின்றியே கைகால் அசையும் மூளை வாதமுடையோர். நீண்ட நேரம் பிடிக்கும் கடினமான சிகிச்சைகளும் உண்டு. இரத்த அழுத்தமோ இதயவலியோ உள்ள சிலருக்கு அச்சமே கேடு விளைவிக்கும். அவர்களுக்கு, மருத்துவர் ஆராய்ந்து தரும் இலேசான மயக்கம் நன்மையே செய்யும். நோய் இருந்தால் மயக்கம் கூடாது என்று ஒரே வீச்சில் சொல்வதும் தவறு.

இனி, எவரும் எளிதில் கண்ணில் கொள்ளாத ஒரு கூட்டம். அனுமன் படித்துறைப் பக்கம் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்றை நம் சங்கத்தின் பொங்கல் விழாவில் அறிந்தேன். தாய், யாத்திரிகர் விடுதியொன்றில் சமையல் செய்பவர். மகனுக்குப் பதினான்கு வயது. டவுன் குறைபாட்டோடு பிறந்தவன். விழாவில் எல்லாரும் பொங்கல் உண்டுகொண்டிருக்க, அவன் மட்டும் இலையைத் தள்ளிவிட்டு, வலக்கையால் தன் கன்னத்தைத் தானே அறைந்துகொண்டிருந்தான்.

"மூணு மாசமா இப்படித்தான் தம்பி. எங்கே வலிக்கிறதுன்னு சொல்லத் தெரியல்லே" என்றார் தாய்.

இரண்டு இடங்களுக்குக் கூட்டிப் போயிருக்கிறார். ஓரிடத்தில், பையன் உட்காரமாட்டான், எங்களால் ஆகாது என்று கதவை மூடிவிட்டார்கள். மற்றோரிடத்தில், நான்கு பேர் பிடித்துக்கொண்டால் பிடுங்கிவிடலாம் என்றார்கள். தாய்க்கு மனம் ஒப்பவில்லை. எனக்கோ நெஞ்சில் ஒன்று உறைத்தது. நாற்காலியில் நேரே உட்காரக்கூடிய எனக்கு, கேள்வியின்றியே மயக்கம் விற்க ஒருவர் ஆயத்தமாக இருந்தார். உட்கார முடியாத இந்தப் பிள்ளைக்கு அதை நினைத்துப் பார்க்கவும் ஒருவர் இல்லை! தேவை இல்லாதவனுக்கு விற்பனை. தேவை உள்ளவனுக்குக் கதவடைப்பு. நம் குறைபாடு மருந்தில் இல்லை; இந்த முறைகேட்டில் இருக்கிறது.

உடல் சொல்லும் விடை

தேவை உண்டு என்பதால் மட்டும் தகுதி வந்துவிடாது. உடலையும் கேட்கவேண்டும். மயக்க மருத்துவர்கள் நோயாளியின் நிலையைப் பல வகுப்புகளாகப் பிரிக்கின்றனர். 1941இல் அமெரிக்காவில் தோன்றி, காலந்தோறும் திருத்தப்பட்டு வரும் முறை இது. நோயற்றவர் முதல் வகுப்பு. அடங்கி நிற்கும் நீரிழிவு, இரத்த அழுத்தம் போன்றவை உடையவர் இரண்டாம் வகுப்பு. இவ்விரு வகுப்பாரும் பொதுவாக மருத்துவரின் அறையிலேயே அரைமயக்கம் பெறலாம். கடுமையான நோய் உடைய மூன்றாம் வகுப்பார்க்கு முன் ஆராய்ச்சியும் கலந்தாய்வும் வேண்டும். உயிருக்கே அச்சுறுத்தலான நோய் உடைய நான்காம் வகுப்பார்க்குப் பெரிய மருத்துவமனையே இடம்.

மருந்துக்கு மருந்து விலக்குகளும் மாறும். சிரிப்பூட்டும் வாயுவாகிய நைட்ரஸ் ஆக்சைடை எடுத்துக்கொள்வோம். பிராணவாயுவோடு கலந்து மூக்கின் வழியே கொடுப்பார்கள். விரைவில் ஏறும், விரைவில் இறங்கும். அதுவே அதன் சிறப்பு. ஆனால் மூக்கடைத்தவனுக்கு அது எப்படிப் பயன்படும்? கங்கைக்கரைப் பனிக்காலத்தில் நம்மில் பாதிப்பேர் அந்த நிலையில்தானே இருக்கிறோம்! கருவுற்ற முதல் மூன்று திங்களில் அதைத் தவிர்ப்பர். கண்ணுக்குள் வாயு வைத்து அறுவை செய்துகொண்டவருக்கு, அந்த வாயு நீங்கும்வரை கொடுக்கவே கூடாது. உள்ளிருக்கும் குமிழி பெருத்துப் பார்வையையே பறித்துவிடும். நாட்பட்ட நுரையீரல் நோயும் பெரிய விலக்கே.

வேதியியல் மாணவனாகிய என்னை ஈர்த்தது வேறொன்று. உடலில் உள்ள பி12 வைட்டமினின் நடுவே ஒரு கோபால்ட் அணு இருக்கிறது. நைட்ரஸ் ஆக்சைடு அந்த அணுவை ஆக்சிஜனேற்றம் செய்து, வைட்டமினைச் செயலிழக்கச் செய்கிறது. நல்ல உடல்நலம் உள்ளவர் ஒருமுறை சிறிது நேரம் முகர்வதால் பொதுவாகத் தீங்கில்லை. ஏற்கெனவே பி12 குறைந்தவருக்கோ நரம்புகள் பழுதாக இடமுண்டு. புலாலும் முட்டையும் பாலும் நீக்கி உண்பவர்கள் இதை நினைவிற் கொள்ளவேண்டும். 'சைவ உணவா?' என்ற கேள்வி உணவுவிடுதிக்கு மட்டும் உரியதன்று.

இரத்தக்குழாயில் ஊசிவழி செலுத்தும் மிடசோலம் மற்றொரு மருந்து. அது அச்சத்தைத் தணிப்பதோடு, நடந்ததை மறக்கவும் செய்யும். அதற்குரிய விலக்குகள் வேறு. உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் நோய் உடையவர், கழுத்துப் பருத்துப் பெருங்குறட்டை விடுபவர், முதியவர், கல்லீரல் பழுதுற்றவர், தசைத்தளர்ச்சி நோய் உடையவர் ஆகியோரிடம் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். சிலருக்குக் கொடுக்கவே கூடாது. வாயைத் திறந்து நாவை நீட்டச் சொல்லி, தொண்டை எவ்வளவு தெரிகிறது என்று பார்க்கும் எளிய சோதனை ஒன்று உலகெங்கும் வழங்குகிறது. அதை 1985இல் வெளியிட்டவர் ஆந்திரத்தில் பிறந்த சேஷகிரி மல்லம்பட்டி என்னும் மருத்துவர். ஒரு நிமிடமும் பிடிக்காத அந்தச் சோதனையைக்கூட அன்று எனக்கு யாரும் செய்யவில்லை.

உண்ணும் மருந்துகளையும் மறைக்கக் கூடாது. ஈற்று வீக்கத்திற்குச் சிலர் உண்ணும் எரித்ரோமைசின், மிடசோலம் உடலில் கரைவதைத் தடுத்து அதன் வேகத்தைக் கூட்டிவிடும். தூக்கம் தரும் சளி மாத்திரை, மயக்கத்தின் மேல் மயக்கமாகச் சேரும். மதுவும் அப்படியே. பாங்கு கலந்த தண்டாயும் அந்தக் கணக்கில்தான் சேரும் என்பதை, சிவராத்திரியும் ஹோலியும் கொண்டாடும் இந்த ஊரில் நண்பர்களுக்கு நினைவூட்டுகிறேன். மருத்துவர் நம் ஒழுக்கத்தைத் தீர்ப்பிட அதைக் கேட்கவில்லை. நம் மூச்சைக் காக்கக் கேட்கிறார்.

தருபவர் யார்?

நோயாளியின் தகுதியை மட்டும் கேட்டு நிறுத்துவது நியாயமன்று. மயக்கம் கொடுக்கும் இடத்திற்கும் தகுதி வேண்டும். பல்லை எடுப்பவரின் கண் பல்லில் இருக்கும். எனவே, ஆழம் கூடக் கூட, நோயாளியின் மூச்சையும் நாடியையும் பார்க்க அதற்கெனப் பயின்ற வேறொருவர் வேண்டும். விரலில் மாட்டும் பிராணவாயு அளவுமானியும், பிராணவாயு உருளையும், மிடசோலத்தின் வேகத்தை முறிக்கும் ஃப்ளூமாசெனில் மருந்தும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கவேண்டும். நினைத்ததைவிட ஒரு நிலை ஆழமாக நோயாளி சென்றுவிட்டால் மீட்கத் தெரிந்தவரே மயக்கம் கொடுக்கத் தகுந்தவர். பிரிட்டனில் பல் மருத்துவரின் தனி அறைகளில் முழுமயக்கம் கொடுப்பதை 2001ஆம் ஆண்டின் இறுதியோடு நிறுத்திவிட்டனர். அது மருத்துவமனைக்கு மட்டுமே உரியதாயிற்று. மரணங்கள் தந்த பாடம் அது.

ஆகவே, நாமும் அஞ்சாமல் கேட்கவேண்டும்: "யார் கொடுப்பார்? யார் பார்த்துக்கொண்டிருப்பார்? ஏதாவது நேர்ந்தால் என்ன செய்வீர்கள்?" இதற்கு முகம் சுளிக்கும் இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுவதே நல்லது.

அருகிருப்பவர்

இனி நான்காவது கூறு. மிடசோலம் போன்ற மருந்து பெற்றவர் தனியே வீடு திரும்பக் கூடாது. அன்று முழுதும் வண்டி ஓட்டக் கூடாது. பத்திரங்களில் கையெழுத்திடக் கூடாது. தெளிந்துவிட்டதாக அவருக்கே தோன்றும், ஆனால் தெளிந்திருக்கமாட்டார். மருத்துவர் சொன்ன அறிவுரைகளும் நினைவில் நில்லா. பஞ்சை எப்போது எடுப்பது, மரத்துப்போன உதட்டைக் கடித்துக்கொள்ளாமல் எப்படிக் காப்பது, குருதி நிற்காவிட்டால் எங்கே ஓடுவது என்பவற்றைக் கேட்டு வைத்துக்கொள்ள ஒரு தெளிந்த தலை வேண்டும். நைட்ரஸ் ஆக்சைடு மட்டும் பெற்ற வளர்ந்தவர்களுக்கு, நன்கு தெளிந்தபின் தனியே செல்ல மருத்துவர் இசையக்கூடும். மற்றவற்றுக்குத் துணை இன்றியமையாதது.

இந்த விதி சரியான விதி. ஆனால் இதன் விளைவைப் பாருங்கள். உற்றாரும் உறவினரும் உள்ளவனுக்கே மயக்கம் தகும் என்றாகிறது. விடுதி மாணவன், கட்டட வேலைக்கு வந்த தொழிலாளி, மகன் வெளிநாட்டில் இருக்கத் தனியே வாழும் முதியவர் ஆகிய இவர்களெல்லாம் உடலால் தகுதி பெற்றும் தனிமையால் தகுதி இழக்கின்றனர். சிலர் 'வாசலில் ஆள் இருக்கிறார்' என்று பொய் சொல்லிவிடுகின்றனர். அன்று எனக்கும் அந்தப் பொய் நாக்கின் நுனிவரை வந்ததை ஒப்புக்கொள்கிறேன்.

மொழியும் இதில் சேர்ந்தது. அரைமயக்கத்தின் உயிர்நிலை பேச்சு. அழைத்தால் விடை வருகிறதா என்பதைக் கொண்டே நோயாளி எந்த நிலையில் இருக்கிறார் என்று மருத்துவர் அறிகிறார். அவர் இந்தியில் அழைக்க, நோயாளிக்குத் தமிழ் மட்டுமே தெரியுமானால், விடை வராததற்குக் காரணம் மயக்கமா, மொழியா? மயக்கத்திற்கு முன் பெறவேண்டிய ஒப்புதலும் அப்படியே. புரியாத படிவத்தில் நான் இட்ட கையெழுத்து ஒப்புதல் ஆகுமா? அது வெறும் மைக்கோடு.

சிலர் சொல்வர்: நம் பாட்டனார் வேப்பங்குச்சியும் நூல்கயிறும் கொண்டு பல் விவகாரத்தை முடித்தாரே, இந்த மெல்லிய மேனி ஏன் என்று. பாட்டனார் பொறுத்துக்கொண்டார் என்பது உண்மை. பொறுக்க வேண்டியிருந்தது என்பதும் உண்மை. வேறு சிலர், எல்லாருக்கும் மயக்கம் கொடுத்துவிட்டால் என்ன என்பர். ஊசியும் இன்சொல்லும் போதுமானவனுக்கு மயக்கம் கொடுப்பது, நடக்கக்கூடியவனைத் தூக்கிச் செல்வது போன்றது. தூக்குபவர் தடுக்கினால் இருவரும் விழவேண்டியதுதான்.

பையனின் கதையை முடித்துவிடுகிறேன். நம் சங்க நண்பர் இருவரும் நானும், அவனையும் தாயையும் பெரிய மருத்துவமனை ஒன்றுக்கு அழைத்துச் சென்றோம். டவுன் குறைபாடு உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குப் பிறவியிலேயே இதயக் குறை இருக்கும். கழுத்தின் மேலெலும்புகளின் பிணைப்பும் சிலருக்குத் தளர்ந்திருக்கும். ஆகவே இதயத்தையும் கழுத்தையும் முதலில் ஆராய்ந்தார்கள். அவனுக்கு அரைமயக்கம் தகாது, முழுமயக்கமே தகும் என்று மயக்க மருத்துவர் முடிவு செய்தார். சொல்லுக்கு விடை தர இயலாதவனை அரைமயக்கத்தில் அளப்பது அரிது. சிகிச்சை பெறவேண்டிய பற்களும் பல. மூன்று வாரம் காத்திருந்தோம். ஒரே அமர்வில் இரண்டு பற்களை எடுத்து, நான்கை அடைத்தார்கள். முகமூடியை வைக்கும்வரை தாயை அருகே நிற்கவிட்டார்கள். "மூச்சை நன்னா இழுடா கண்ணா" என்று அவர் சொல்லச் சொல்ல, பையன் அவர் முந்தானையைப் பற்றிக்கொண்டே உறங்கினான். அடுத்த வாரம் அவர்கள் வீட்டுக்குப் போனபோது அவன் இரண்டு கைகளாலும் தோசையைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தான். கன்னத்துக்குக் கை போகவேயில்லை.

என் ஞானப்பல்? சளி நீங்கியபின், அறைத்தோழரை அழைத்துக்கொண்டு அதே மூத்த மருத்துவரிடம் போனேன். ஐந்து கேள்விகளையும் கேட்டார். 13 வந்தது. "உனக்கு மயக்கம் வேண்டாம், என்மேல் நம்பிக்கை போதும். வலித்தால் இடக்கையைத் தூக்கு, உடனே நிறுத்துகிறேன்" என்றார். இருமுறை தூக்கினேன், இருமுறையும் நிறுத்தினார். ஒரு மணி நேரத்திற்குள் முடிந்தது. நான் மயக்கத்திற்குத் தகுந்தவன் அல்லேன் என்று தெரிந்ததில் எனக்கு வருத்தமில்லை. உணவுப் பணமும் மிஞ்சிற்று.

இறுதியாகச் சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். நாம் ஆண்டுதோறும் பொங்கல் விழா எடுக்கிறோம், பட்டிமன்றம் நடத்துகிறோம், மலர் வெளியிடுகிறோம். எல்லாம் நன்றே. அவற்றோடு, விடுதிக்கு இருவராகத் துணைசெய்யும் உறுப்பினர் பட்டியல் ஒன்றையும் ஆயத்தம் செய்வோம். இந்தியும் தமிழும் அறிந்தவராக இருக்கட்டும். சிகிச்சைக்குச் செல்லும் எந்தத் தமிழர்க்கும், அவர் மாணவராயினும் தொழிலாளியாயினும் காசிக்கு வந்த யாத்திரிகராயினும், ஒரு நாள் உடன்சென்று, கேள்வியை மொழிபெயர்த்து, வாசலில் காத்திருந்து, வீடு சேர்க்கட்டும். செலவு ஒன்றும் இல்லை. ரிக்ஷாக் கூலி மட்டுமே.

"உன்னோடு யார் வந்திருக்கிறார்கள்?" என்று இனி எந்த மருத்துவர் கேட்டாலும், இந்த ஊரில் ஒரு தமிழன் "யாரும் இல்லை" என்று சொல்லும் நிலை வேண்டாம். பட்டியலில் முதற்பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுமாறு செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.